வேம்படியைத் தாண்டாத தந்தி

முதல் கொத்து புருவத்தில் விழுந்தது. இரண்டாவது கொத்தில் காது மடல் கிழிந்து, சத்தியநேசனின் காக்கிச் சட்டையெல்லாம் ரத்தமாகிவிட்டது.

வேப்பமரத்து அண்டங்காக்கைகள் இரண்டும் மாறி மாறிப் பாய்ந்தன. அவன் நெஞ்சில் தொற்றிக்கொண்டிருந்த செவலைப் பூனையோ, சீறிக்கொண்டே நகங்களை அவன் சதைக்குள் இறக்கியது. பன்னிரண்டு வருஷமாகத் தந்தி கொண்டுபோகிறவன். ராஜபாளையத்து வேட்டை நாய்களிடமே தப்பித்தவன். இப்படி ஒரு அடி வாங்கியதில்லை.

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு தெருமுனைக்கு ஓடி வந்த பிறகுதான் பூனை அவனை விட்டது.

ஆபீசில் போஸ்ட்மாஸ்டர் காசிராஜன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏலே, இன்னைக்கும் குடுக்கலையா?"

"எங்க சார் குடுக்க? மம்சாபுரத்துக் குருவம்மா வீட்டு வாசல்லயே அந்த மரம் நிக்கி. போன வாரம் அவ பூனை ஒரு காக்காக் குஞ்சத் தின்னுட்டு. அதுல இருந்து பூனையைக் கண்டாலே ரெண்டும் கொலைவெறியா வருது. பூனை நம்ம மேல ஏறுது, அடி நமக்கு விழுது."

"உதறிட்டு உள்ள போக வேண்டியதுதான?"

"உதறுனா நகத்தைப் போட்டுப் பிடிச்சுக்கிடுது சார்."

"வெளிய நின்னு கூப்பிடுறதுக்கு என்ன?"

"அந்தப் பொண்ணு நிறைமாசக்காரி. மெள்ள எந்திரிச்சு வாரதுக்குள்ள என் கண்ணு போயிரும்."

காசிராஜன் மேஜையில் ஓங்கி அடித்தார். "ஜப்பான்காரன் சண்டையில புருஷன் செத்த சேதிலே அது! அதை மூணு நாளாப் பையில வச்சுக்கிட்டு அலையுதியே, நீயெல்லாம் மனுசனா?"

சத்தியநேசன் காதில் வழிந்த ரத்தத்தைத் துண்டால் துடைத்தான்.

"நாளைக்கு உனக்குப் பதிலாத் தவசிமுத்துவை அனுப்புதேன்."

"வேண்டாம் சார்! அவன் பிள்ளைகுட்டிக்காரன். நானே போறேன்."

"அப்ப ஒண்ணு கேட்டுக்கோ. நாளைக்கும் கையெழுத்து வாங்காம வந்தே, பையையும் சைக்கிளையும் இங்க வச்சிட்டு வீட்டைப் பாக்கப் போயிரு." சொல்லிவிட்டு மூக்கைச் சுளித்தார். "அதென்னலே உம்மேல கருவாட்டு நாத்தம்?"

"மத்தியானச் சோத்துக்கு வச்சிருக்கேன் சார்."

வீட்டில் மனைவி ஏசம்மாள் காயங்களுக்கு மஞ்சள் அரைத்துப் போட்டாள். எரிச்சலில் அவன் பல்லைக் கடித்தான்.

"ஒரு தந்திக்கு இம்புட்டு அடியா? ஒரு கம்பை எடுத்து அந்தக் கூட்டைக் கலைச்சு விட்டா என்ன?"

"இன்னும் ஒரு குஞ்சு இருக்கு ஏசம்மா. தாய் வயிறு எரியக் கூடாது."

அவனுக்கும் நாலு பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். யுத்தகாலத்தில் சர்க்கார் வேலையைத் தொலைத்தவனுக்கு வேறு யார் வேலை தரக் காத்திருக்கிறார்கள்?

மறுநாள் குருவம்மாள் வீட்டு முன் சைக்கிளை நிறுத்தியதுதான் தாமதம், செவலைப் பூனை பாய்ந்து வந்து மார்பில் ஏறிச் சட்டைப்பையைப் பிராண்டியது. அடுத்த நொடியே காக்கைகள் இரண்டும் கத்திக்கொண்டு இறங்கின.

ஒன்று பூனையின் வாலைப் பிடித்து இழுத்தது. மற்றது குறி தப்பி அவன் நெற்றியைப் பிளந்தது. பூனை ஓங்கி அறைந்ததில் கறுப்பு இறகுகள் கொத்தாகப் பறந்தன. திருப்பிக் கிடைத்த கொத்தில் அதன் மூக்கும் கிழிந்தது.

கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. வேம்படியைத் தாண்டாமலே சத்தியநேசன் சைக்கிளைத் திருப்பினான். இன்றோடு வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது வீட்டுச் சன்னல் திறந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குருவம்மாள் நின்றாள். முகம் வெளுத்து, இமைகள் வீங்கியிருந்தன. பல நாள் அழுத கண்கள்.

"அண்ணாச்சி, நாலு நாளாச் சன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இனிமே சட்டைப்பையில கருவாடு வேண்டாம். விடியக்காலம் பிள்ளை பொறந்துட்டு, தந்தியைக் குடுங்க."