படித்திருப்பத்தில் ஒரு பீரோ

இரண்டாம் மாடித் திருப்பத்தில் பீரோ சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

மேல் முனையைப் பிடித்திருந்த வளவனுக்கு ஆச்சரியமில்லை. விருத்தாசலம் பீங்கான் தொழிலாளிகளுக்கான அந்தக் குடியிருப்பை வரைந்த ஆர்க்கிடெக்ட் அவன்தான். படியின் அகலத்தில் அரையடியைக் கிள்ளி வீடுகளுக்குள் சேர்த்த புண்ணியவானும் அவன்தான்.

இந்தத் திருப்பத்தில் இரண்டு பெண்கள் நின்று பேசுவதாக வரைபடத்தில் போட்டிருந்தான். பக்கத்தில் ஒரு பூந்தொட்டி வேறு. இப்போது அங்கே சூளைக்குப் போகவேண்டிய களிமண் பொம்மைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு பிள்ளையாரின் தும்பிக்கை ஏற்கெனவே அவன் செருப்பில் ஒட்டியிருந்தது.

கீழ் முனையில் லோடு ஆட்டோக்காரர் பழமலைக்கு மூச்சு வாங்கியது.

"இந்தப் படிய வரைஞ்ச மகராசன் வூட்டுல பீரோவே கெடையாது போலருக்குது சார்."

"ஒண்ணு இருந்துச்சுங்க. அதத்தான் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க."

பழமலை அவசரமாகப் பிடியை மாற்றிக்கொண்டார்.

பீரோ வளவனின் மனைவி மோகனப்பிரியாவுடையது. கல்யாணத்துக்கு அவள் அம்மா வாங்கிக்கொடுத்தது. அது மேலே அந்த அம்மாவின் வீட்டுக்குள் போய்விட்டால், அவள் இனி பாண்டிச்சேரிக்குத் திரும்ப மாட்டாள். தெரிந்தேதான் தூக்கிக்கொண்டு வந்தான். இப்போது உள்ளுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம். அவன் போட்ட தப்புக் கணக்கு ஒன்று முதல்முறையாக அவனுக்கே உதவுகிறது.

மோகனப்பிரியா மேல்படியில் வந்து நின்றாள்.

"உள்ள போவாது போலருக்குது பிரியா. வூட்டுக்கே திருப்பிக் கொண்டுபோயிடலாமா?"

பீரோவைப் பற்றி மட்டும் கேட்பதுபோலத்தான் கேட்டான்.

"துணிய மட்டும் எடுத்துக்கறேன். பீரோவ நீங்க கொண்டுபோங்க."

பாண்டிச்சேரியில் அவன் தங்களுக்காகக் கட்டிய வீட்டில் கூடம், அடுப்படி, படுக்கை எதற்கும் நடுவே சுவர் கிடையாது. பத்திரிகைக்காரர்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போன வீடு.

"அங்க அப்படி என்னதான் கொறச்சல்?"

மூன்று மாதமாகக் கேட்கிற கேள்வி. "ஒண்ணுமில்லங்க" என்றுதான் எப்போதும் பதில் வரும்.

இன்று அவள் பீரோவையும் படியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்த அரையடிய எடுத்துத்தான இங்க ஒவ்வொரு வூட்டுலயும் அடுப்படிக்குப் பின்னால ஒரு சின்ன ரூம் வச்சீங்க? பொம்பளைங்க கொஞ்ச நேரம் தனியா ஒக்காரணும்னு ஆபீசருங்ககிட்ட சண்ட போட்டீங்க. எங்கிட்ட எவ்ளோ பெருமையா சொன்னீங்க."

அவன் தலையாட்டினான்.

"நம்ம வூட்டுல எனக்குச் சாத்திக்க ஒரு கதவு இல்லங்க."