மூன்றாவது அடி

கறுப்புப் பட்டைத் தேர்வில் இந்துமதியின் வலது கால் மறுபடியும் அந்தரத்தில் நின்றுவிட்டது. கராத்தே அடிவரிசையில் முன்னோக்கி மூன்று அடி வைக்க வேண்டும். அவளோ இரண்டோடு மரம்போல் நிற்கிறாள். அத்தனை பெரிய கூடம், கண்ணுகளா, யானையே படுத்துப் புரளலாம்.

“என்னம்மா, அங்க என்ன பள்ளமா கெடக்கு? இன்னும் ஒரு தடவைதான் தருவேன்,” என்றார் மாஸ்டர். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

பள்ளம் இல்லை, கட்டில். ஆறு வருஷமாக அவள் பழகியது வீட்டின் ஒற்றை அறையில். இரண்டு அடிக்கு அப்பால், கை கால் விழுந்த மாமனார் படுத்திருப்பார். “எம் மேல ஏறிடாத தாயி, என்னால எந்திரிச்சு ஓடவா முடியும்?” என்று வாய்கோணச் சிரிப்பார். மூன்றாவது அடியை அவள் மனசுக்குள்ளேயே வைத்துவிட்டுத் திரும்புவாள். பழகப் பழக, காலும் அதையே பாடமாக்கிக்கொண்டது.

இந்துமதி முதலிலிருந்து தொடங்கினாள். ஒன்று. இரண்டு. வெறும் தரையைப் பார்த்து, யாருக்கும் கேட்காத குரலில், “கொஞ்சம் நகந்து படுங்க மாமா,” என்றாள். பிறகு காலைத் தூக்கினாள்.