பிருந்தாபன் எந்தப் பக்கம்?

பாரிஸ் லா சப்பலில் இந்தக் கோடை முழுக்க ஒரே கதைதான். சார்செல் கிரிக்கெட் கழகத்தின் வேகப்பந்து வீச்சாளன் பிருந்தாபனை எபினே கழகம் இழுத்துக்கொள்ளுமா? சலூனிலும் கேட்டார்கள், மீன்கடையிலும் கேட்டார்கள். அவன் யாருக்கும் பிடிகொடுக்காமல் சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

இன்று அச்சகத்தில் இரண்டு கழகத் தலைவர்களும் முட்டிக்கொண்டார்கள். போஸ்டருக்கு ஆளுக்கொரு படம் கொண்டுவந்திருந்தார்கள்.

“எங்கடை உடுப்போடை நிக்கிற படத்தைப் போடுங்கோ. ஆறு வருசம் எங்களுக்குத்தான் விளையாடினவன்,” என்றார் சார்செல் தலைவர் கலைமாறன்.

“வாற சீசன் எங்களிட்டை வாறன் எண்டு சொன்னவன். எங்கடை உடுப்பைப் போட்டுப் படமும் எடுத்தவன், பாருங்கோ,” என்று எபினே தலைவர் சேந்தன் போனை நீட்டினார்.

“கையெழுத்து வைச்சவனோ?”

“வைக்க இருந்தவன்.”

கணினிக்கு முன்னால் இருந்த தயாளினிக்கு அலுத்துப்போயிற்று. மூலைக் கதிரையில் இருந்த பிருந்தாபனின் தகப்பன் தர்மராசாவிடம் திரும்பினாள்.

“ஐயா, நீங்களே சொல்லுங்கோ. எந்தப் படம்?”

அவர் சட்டைப் பையிலிருந்து மகனின் மெட்ரோ அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

“இதிலை இருக்கிற முகத்தைப் போடுங்கோ, பிள்ளை. கிளப் பேர் ஒண்டும் வேண்டாம்.”

பிறகு கலைமாறனைப் பார்த்தார்.

“அவனுக்குச் சகோதரங்கள் இல்லை. வியாழக்கிழமை அவன்ரை பெட்டியைத் தூக்க ஆள் வேணும். ஒரு பக்கம் நீங்கள் பிடியுங்கோ, தம்பி. மற்றப் பக்கம் எபினே பெடியள் பிடிக்கட்டும்.”