பதினொன்று ஏழு

தெரபிஸ்ட் மெர்லின் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

இரண்டு கோடுகள். பச்சை, அவன் மகன் தருணின் இடது கை. சிவப்பு, வலது.

தருணுக்கு ஐந்து வயது. மூளை முடக்குவாதம் என்று ஃபைலின் மேல் எழுதியிருந்தது. வலது கை பிறந்த நாளிலிருந்தே முஷ்டிதான்.

ஏழு நாள் இரண்டு மணிக்கட்டிலும் பட்டை கட்டியிருந்தார்கள். கை எப்போது அசைந்தது, எவ்வளவு அசைந்தது என்று அது குறித்துக்கொள்ளும். குளிக்கும்போது மட்டும் கழற்றவும் என்று தாளில் போட்டிருந்தது. அவன் அப்படியே செய்தான். தாளில் போட்டதை மட்டும் செய்வது அந்த வாரம் சுலபமாக இருந்தது.

பச்சை துள்ளியது. சிவப்பு தரையோடு கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு அது எழுந்து நின்றது. முக்கால் மணி நேரம்.

"என்ன விளையாட்டு வெச்சீங்க சார்? அதையே தினமும் பண்ணலாம்."

மெர்லினுக்கு உண்மையிலேயே சந்தோஷம். எட்டு வாரப் பயிற்சிக்கு ஆறே இடம். வலது கை தானாகக் கொஞ்சமாவது அசைகிற குழந்தைக்குத்தான் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம்.

இந்தப் பட்டைக்கே நான்கு மாதம் காத்திருந்தார்கள். பெயர் பதிந்தவள் அவன் மனைவி சுகந்தி. பட்டை வீட்டுக்கு வந்தபோது அவள் இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

மேடம் வரலையா என்று உள்ளே வந்ததுமே மெர்லின் கேட்டாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை பதினாறாம் நாள்.

மகன் இருக்கும்போது மகன்தான் செய்ய வேண்டும் என்றார் ஐயர். வலது கையால்தான் என்றார். சுகந்தியின் அண்ணன் குழந்தையின் நிலைமையை எடுத்துச் சொல்லிப் பார்த்தார். இடது கை ஆகாது.

"அந்தப் பட்டையையாவது கழட்டிடுங்க மாப்ள. நல்லாவா இருக்கு?"

அவன் கழற்றவில்லை. குளிக்கும்போது மட்டும்.

காவிரிப் படித்துறையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டான். உள்ளங்கைக்குள் மடிந்திருந்த கட்டைவிரலை வெளியே இழுத்தான். மற்ற விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். எள்ளை வைத்தான். மணிக்கட்டைச் சாய்த்துத் தண்ணீரை விட்டான். விரல்கள் மூடிக்கொண்டன.

மறுபடி பிரித்தான்.

தண்ணீர் விழும்போதெல்லாம் குழந்தை சிரித்தது. இன்னும் ஊத்துப்பா என்றது.

ஐயர் மந்திரத்தை நிறுத்தவில்லை.

"விளையாட்டு இல்ல மேடம்" என்றான். "அவங்க அம்மா காரியம். கையப் பிடிச்சு நான்தான் அசைச்சேன்."

மெர்லின் பேனாவை மூடினாள். திறந்தாள். மன்னிப்புக் கேட்பதுபோல் ஏதோ சொன்னாள். அது முடிந்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

யார் அசைத்தது என்று பட்டைக்குத் தெரியாது என்றாள். கமிட்டியில் கோட்டைத்தான் பார்ப்பார்கள் என்றாள்.

"நீங்க சொன்னது என் காதுல விழலைன்னு வெச்சுக்கலாமா?"

சுகந்தியாக இருந்தால் சரி என்றிருப்பாள். மெர்லினின் கையைப் பிடித்து நன்றியும் சொல்லியிருப்பாள். அவனுக்கு அந்தத் தெம்பு இல்லை. எட்டு வாரமும் இன்னொருவர் உட்கார்ந்து அந்த விரல்களைப் பிரிப்பார். கடைசி நாள் கோடு என்ன சொல்லும் என்று அவனுக்கு இப்போதே தெரியும்.

வேண்டாம் என்றான்.

பத்தேகாலிலிருந்து பதினொன்று வரை மெர்லின் ஒரு கட்டம் போட்டாள். கணக்கில் சேராது என்று குறித்தாள். சிவப்பு படுத்தது.

ஒரு இடத்தில் மட்டும் படுக்கவில்லை.

அவள் அதைப் பெரிதாக்கினாள். பதினொன்று ஏழு.

இதுவும் நீங்களா என்று கேட்டாள். இல்லை. அப்போது அவன் குழந்தையின் பக்கத்திலேயே இல்லை.

மெர்லின் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். வேறு ஒருவர் பிடித்து அசைத்தால் இப்படி வராது என்றாள். இது வெட்டி வெட்டிப் போகிறது. எழுகிறது, விழுகிறது, மறுபடி எழுகிறது. நான்கு தடவை. அந்த நிமிடம் பச்சை அசையவே இல்லை. நல்ல கையை யாரோ இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். அதனால் வராத கை தானே போயிருக்கிறது.

"இது அவனே பண்ணினது சார். இது போதும். இடம் கிடைச்சுடும்."

அவன் தலையாட்டினான்.

"எதை எடுக்கப் போனான்னு சொல்லுங்க. அதையே வெச்சுத்தான் ஆரம்பிக்கணும்."

அப்போது அவன் பிண்டத்தைக் கரைக்க இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தான். குழந்தை மேல்படியில். மச்சான் அதன் இடது கையைப் பிடித்திருந்தார். மூன்று முழுக்குப் போடணும், கரையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஐயர் சொல்லியிருந்தார்.

மூன்று முழுக்குப் போட்டான்.

நான்காவதும் போட்டான். அது ஐயர் சொன்னதில்லை.

உள்ளே சத்தமே இல்லை. மேலே வர வேண்டும் என்று தோன்றவில்லை. காது அடைத்து, நெஞ்சு வலித்து, கால் தானாக உந்திய பிறகுதான் தலை வெளியே வந்தது.

மெர்லின் தாளில் பேனாவை வைத்துக் காத்திருந்தாள்.

"என்ன சார் இருந்துச்சு அவன் எதிர்ல?"

"தெரியல மேடம்" என்றான். "நான் திரும்பிப் பாக்கல."