உள்ளிருந்து திறக்காத கதவு

"வண்டி முழுக்கச் சரி பண்ணிட்டீங்க. நான் உக்கார்ற பக்கத்துக் கதவு மட்டும் உள்ளேயிருந்து திறக்க மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் நீங்க சுத்தி வந்து திறந்து, கையைப் பிடிச்சு இறக்கி விடறீங்க. பாக்கறவங்க சிரிக்கிறாங்க."

முணுமுணுத்துக்கொண்டே மனைவி வீட்டுக்குள் போனாள்.

அடிமாட்டு விலைக்கு வாங்கிய பழைய பிக்கப் வண்டி. அவள் டார்ச் பிடிக்க, கணவர் வாசலிலேயே பிரித்து மாட்டி ஓட வைத்துவிட்டார். போன மாதம்வரை அந்தக் கதவும் நன்றாகத்தான் இருந்தது. அப்போதெல்லாம் கடைவீதியில் வண்டியை நிறுத்தியதும் அவர் பாட்டுக்கு முன்னால் நடந்துவிடுவார். அவள் தானே குதித்து இறங்கி, பின்னால் ஓட்டமும் நடையுமாக வருவாள்.

இன்று புதுக் கைப்பிடி வாங்கி வந்திருந்தார். கதவின் உள்பக்க மூடியைக் கழற்றினார். பழைய கைப்பிடிக்கு ஒரு கேடும் இல்லை. பூட்டை இழுக்கும் கம்பியை மட்டும் யாரோ கழற்றி, ஆடிச் சத்தம் போடாமல் இருக்க ஓரமாகக் கட்டி வைத்திருந்தார்கள்.

கட்டியிருந்தது, அவள் தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்ட்.

அதை அவர் அவிழ்க்கவில்லை. மூடியைப் பழையபடி திருகிவிட்டு, புதுக் கைப்பிடியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்னங்க, சரியாச்சா?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இல்லம்மா. இதை ஒண்ணும் பண்ண முடியாது. இனிமே நான்தான் வந்து இறக்கி விடணும்."

"எல்லாம் என் தலையெழுத்து. சரி, கடைக்குப் போகணும், வண்டியை எடுங்க."