பட்டன் அக்காவின் பல்

பஞ்சில் சுற்றிய பல்லை மேஜைமேல் வைத்துவிட்டு, காலர்க்காரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சூப்பர்வைசர் வழக்கம்போல் கன்னத்தில் கை வைத்தபடி எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தத் தையல் ஹாலில் யாருக்கும் பெயர் கிடையாது. எதைத் தைக்கிறார்களோ அதுதான் பெயர். அவள் சட்டைக்குக் காலர் வைப்பவள். சூப்பர்வைசருக்கு மட்டும் எதையும் தைக்காமலேயே ஒரு பெயர் கிடைத்திருந்தது, கல்லுளிமங்கன். ஆள் வந்த இந்த மூன்று மாதமாக வாயைத் திறந்து பதில் சொன்னதே இல்லை. தலை ஆடினால் சரி, ஆடாவிட்டால் இல்லை.

பல்லைக் கொண்டுவந்து காட்டும் வழக்கம் அவருக்கு முந்தியது. காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். கால் உடைந்தால் கட்டு தெரியும். பல்வலியை எதை வைத்து நம்புவது? சோம்பேறிகளுக்கெல்லாம் பல்வலிதான் வரும் என்று மேலே இருக்கும் யாரோ முடிவு கட்டிவிட்டார்கள். ஆகவே பல்வலி என்று லீவு எடுத்தால், மறுநாள் பிடுங்கிய பல்லோடு வர வேண்டும். டாக்டர் சீட்டு செல்லாது. சீட்டை யார் வேண்டுமானாலும் எழுதலாம், பல்லை எழுத முடியாதே.

காட்டாதவர்களை மறுநாள் கேட்டில் வாட்ச்மேன் உள்ளே விட மாட்டார்.

இலவச ஆஸ்பத்திரியில் காலையில் மட்டும்தான் பல் பார்ப்பார்கள். பிடுங்குவதற்கு ஒரு தடவை போனால் போதும். வேரைச் சுத்தம் செய்து காப்பாற்ற மூன்று தடவை போக வேண்டும். சாயங்காலம் திறக்கும் தனியார் கிளினிக்கில், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைவதற்குள் ஒரு மாதச் சம்பளம் கரைந்துவிடும்.

ஆக, ஹாலில் எல்லோரும் பிடுங்கிக்கொண்டார்கள். காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களைத்தான். பட்டன் அக்காவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. மத்தியானம் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத்தான் விழுங்குகிறாள்.

காலர்க்காரிக்குக் கடைவாய்ப் பல் குடைய ஆரம்பித்தபோது, வாய் நிறையத்தான் பல் இருக்கிறதே, ஒன்றைப் பிடுங்கித் தொலை என்றான் புருஷன். முட்டி வலித்தால் காலை வெட்டிக்கொள்வாயா என்று இவள் திருப்பிக் கேட்டாள்.

இந்தப் பல்லை விடுவதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்தாள்.

முதல் தடவை போய்வந்தபோது பட்டன் அக்காதான் கைகொடுத்தாள். போன வருஷம் பிடுங்கிய தன் பல்லை, என்னத்துக்கென்றே தெரியாமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். காலர்க்காரி அதைக் காட்டினாள். தலை ஆடியது.

நேற்று இரண்டாம் தடவை போய்வந்தாள். காட்ட வேறு பல் வேண்டுமே என்று ஹால் முழுக்க விசாரித்துப் பார்த்தாள். மற்றவர்கள் எல்லோரும் எறிந்துவிட்டிருந்தார்கள்.

எனவே அதே பல். புதுப் பஞ்சு.

சூப்பர்வைசர் பேனாவை மூடிவிட்டு, மூடி முனையால் பல்லைப் புரட்டினார். ஓரத்தில் எப்போதோ ஈயம் அடைத்த கறுப்புப் பொட்டு தெரிந்தது. ஒரு தடவை பார்த்தவர் மறக்க முடியாத பொட்டு.

அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

தெரிந்துவிட்டது.

அவள் பல்லில் இப்போது இருப்பது தற்காலிகமாக அப்பிய மருந்துதான். மூன்றாவது தடவை வராவிட்டால் இதுவரை செய்ததெல்லாம் வீண் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆனாலும் அழப்போவதில்லை, காலில் விழப்போவதும் இல்லை. வாயைத் திற என்றால் திறந்து காட்டிவிடுவது. இதோ இருக்கிறது என் பல், இன்னும் ஒரு தடவை போகத்தான் போகிறேன் என்று சொல்லிவிடுவது. வேலை போனால் பல்லோடு போவோம்.

சூப்பர்வைசர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். மிஷின் சத்தம் அடங்கியது.

திரும்பி வந்து உட்கார்ந்தவர் லீவு ஏட்டில் அவள் பெயருக்கு நேரே டிக் அடித்தார். அடுத்த வாரத்துக்கும் ஒரு டிக். பிறகுதான் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

இடது பக்கம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

வாயின் வலது ஓரத்தால் மட்டும், ஒவ்வொரு வார்த்தையாக, மெதுவாகப் பேசினார்.

"இத ரெண்டு நாள் எங்கிட்ட விட்டுட்டுப் போம்மா. நாளைக்கு நானும் ஆஸ்பத்திரி போறேன். வியாழக்கிழமை மேல காட்டணும்."

காலர்க்காரி ஒரு நிமிஷம் யோசித்தாள். பல்லைப் பஞ்சில் திரும்பச் சுற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வெள்ளிக்கிழமை கண்டிப்பா குடுத்துடணும் சார். அடுத்த ஹால்ல ரெண்டு பேர் சொல்லி வெச்சிருக்காங்க."