சுவரைப் பார்த்து ஓடும் வண்டி

கொட்டகையின் தகரக் கூரை அதிர்கிறது. ஸ்டாண்டில் நிற்கும் பழைய மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுழல, ஒருக்களித்த கதவின் வழியே வரும் காலை வெயில் கம்பிகளில் பட்டுச் சிதறிச் சுவரெங்கும் ஓடுகிறது. இதுபோல இன்னொன்று கிடைக்காது என்று, முன்சீட்டில் உட்கார்ந்து முறுக்கிக்கொண்டிருக்கும் அவர் இதைத் தெருவில் இறக்கியதே இல்லை. எஞ்சின் இறுகிவிடாமல் இருக்க வாரம் ஒருமுறை இந்தச் சவாரி மட்டும்தான். விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்கிறாள். "ஏய், இறங்கு! ஸ்டாண்டு தாங்காது." அவள் எட்டி மீட்டரைப் பார்க்கிறாள். "ஏங்க, நாப்பதுல போறோம். செவுரு மட்டும் நகர மாட்டேங்குதே!" "வெளியே எடுத்து ஒரு கீறல் விழுந்தா? எங்க போய் நிக்கிறது?" "கீழ கிலோமீட்டரைப் பாருங்க. வாங்கினப்போ இருந்ததை விட முந்நூறு கூடியிருக்கு. அத்தனையும் இந்தச் செவுத்தைப் பார்த்தே ஓடியிருக்கு." அவர் குனிகிறார். அவர் கண்ணெதிரே கடைசி எண் மெல்லப் புரள்கிறது. பக்கக் கண்ணாடியில் அவள் சிரிப்பு நடுங்குகிறது. அவர் கியரை எடுத்துவிட்டு, காலை ஊன்றி வண்டியை முன்னால் உந்துகிறார். ஸ்டாண்டு படாரென்று மடங்க, சக்கரம் தரையில் அமர்கிறது. ஹேண்டிலை ஒடித்து வண்டியைக் கதவுப் பக்கம் திருப்புகிறார். "போய்க் கதவைத் திற." "நான் இறங்கினா விட்டுட்டுப் போயிடுவீங்க. நீங்களே திறங்க." ஒரு கீறலுக்கு இத்தனை வருடம் பயந்த மனிதர், முன்சக்கரத்தாலேயே கதவை முட்டித் திறக்கிறார்.